லண்டனைச் சுற்றிப் போகும் 724

ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு காய்ந்த சாண்ட்விச்சுக்கு ஆறு பவுண்டு அழுத எரிச்சல் அடங்குவதற்குள், லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்குப் போகத் தொண்ணூறு பவுண்டு என்றார் ஒரு டாக்ஸிக்காரர். கூசாமல் கேட்டதோடு நிற்கவில்லை, பெட்டியிலும் கைவைத்துவிட்டார். பிடுங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "724-ஆம் எண் பஸ்ஸிலா வருகிறாய்? அது ஊரெல்லாம் சுற்றும். டாக்ஸியில் வா" என்றார். "தொண்ணூறு பவுண்டு கேட்கிறான் சித்தப்பா" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. "சரி, பஸ்ஸிலேயே வந்து சேர்."

கட்டணம், நேரம், நிறுத்தம் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் பழைய பஸ் என்றால் எனக்குக் கிறுக்கு. 724 கிரீன் லைன் பரம்பரையைச் சேர்ந்தது என்று தெரிந்தபின் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி 1930-இல் கிரீன் லைனைத் தொடங்கியது. சுற்றுப்புற ஊர்க்காரர்களைச் சொகுசாகவும் விரைவாகவும் நகரின் நடுவே கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. போர்க்காலத்தில் பஸ்கள் ஆம்புலன்ஸ்களாயின; 1942-இல் சேவை அடியோடு நின்றது. 1946-இல் திரும்பி வந்தபோது தடங்களுக்கு இருந்த பழைய எழுத்துப் பெயர்கள் போய், எழுநூறுகளில் எண்கள் வந்தன.

724 பிறந்தது 1966-இல். பெரும்பாலான கிரீன் லைன் பஸ்கள் லண்டனின் நடுவை நோக்கிப் போக, இது கிழக்கே ராம்ஃபோர்டிலிருந்து மேற்கே ஹை வைகோம் வரை வடக்குப் பக்கமாக வளைந்து ஓடியது. பிற்காலத்தில் இரு முனைகளும் மாறி, ஹார்லோ–ஹீத்ரோ ஆகிவிட்டது. லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலை வட்டம் முழுமையானதே 1986-இல்தான். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே இந்த பஸ் அரைவட்டம் அடித்துக்கொண்டிருந்தது!

அன்று ஓடியவை ஆர்எஃப் ரக வண்டிகள். என் கண்ணுக்கு அதைவிட அழகான பஸ் கிடையாது. 1951-52-இல் கிரீன் லைனுக்கென 263 வந்தன. ஏஇசி கம்பெனியின் ரீகல் 4 அடிச்சட்டம், 39 இருக்கைகள். எஞ்சினைப் படுக்கவைத்துத் தரைக்கு அடியில் தள்ளிவிட்டதால், முன்பக்கம் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே வாசல் வைக்க முடிந்தது. அதனால்தான் பின்னாளில் நடத்துநரை எடுத்துவிட்டு, ஓட்டுநர் கையிலேயே டிக்கெட் வேலையைக் கொடுக்க முடிந்தது. 1962-இல் வந்த ரூட்மாஸ்டர் மாடிச் சொகுசுப் பஸ்கள் 68-க்கும் கதவு, ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் இருந்தும் அந்த யோகம் இல்லை. ஓட்டுநர் தனி அறையில் அடைபட்டிருந்தார். நடத்துநர் இல்லாமல் ஓட்ட வழியில்லை. செலவைக் குறைக்கும் காலம் வந்ததும் பத்தே ஆண்டுகளில் ஓரம் கட்டிவிட்டார்கள்.

1970-இல் லண்டன் கன்ட்ரி என்ற புது நிர்வாகம் வந்தது. பிறகு லேலண்ட் நேஷனல் ரக பஸ்கள் வந்தன. நகரப் பஸ்ஸுக்குப் பச்சை அடித்துச் சொகுசுப் பஸ் என்று சொன்னால் ஆயிற்றா? ஆட்கள் கார் வாங்கிக்கொண்டு போனதில் வியப்பில்லை. 1977-இல்தான் மறுபடி முறையான சொகுசுப் பஸ்கள் வந்தன.

ஆர்எஃப்பின் அடிச்சட்டம் செய்த ஏஇசி தொழிற்சாலை இருந்தது ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள சவுத்தாலில். 1962-இல் லேலண்ட் வாங்கியது. 1979-இல் மூடியே விட்டார்கள். எண்ணூரில் லேலண்ட் பெயர் இன்னும் ஓடுகிறது, சவுத்தாலில் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் ஏறிய பஸ்ஸில் அக்ஸ்பிரிட்ஜ், ரிக்மன்ஸ்வொர்த் சீக்கிரமே கழிந்தன. வாட்ஃபோர்டில் போக்குவரத்து நெரிசல், இருபது நிமிடம் அசையவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் சிறுவயதில் ஆர்எஃப்பில் பள்ளிக்குப் போனவராம். விடுவேனா? எஞ்சின் சத்தம், இருக்கைத் துணியின் நிறம் என்று கிளறிக்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

பெட்டியை இழுத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி நடந்தேன். வாசலில் நின்ற சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்ஸிக்காரன் இங்கேயே இறக்கிவிட்டிருப்பான்" என்றார்.