பெயர் மறைத்த எட்டுக் கோப்பைகள்: மூன்றாம் ஆண்டுக் குறிப்பு

பப்பில் நடக்கும் குளிர்காலப் பீர் சுவைப் போட்டியில் முதல் ஆண்டு எட்டில் ஒன்றைச் சரியாகச் சொன்னேன். போன ஆண்டு மூன்று. இந்த முறை ஐந்து. ஆறு எடுத்த பெண்மணி பரிசைக் கொண்டுபோனார். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

போட்டி எளிமையானதுதான். பப்பின் கரும்பலகையில் குளிர்காலப் பீர்கள் ஒன்பதின் பெயர்களை எழுதிவைக்கிறார்கள். எண் ஒட்டிய எட்டுக் கோப்பைகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் 60 மில்லிலிட்டர். எந்தக் கோப்பையில் எது என்று எழுதித் தர வேண்டும். ஒரு பெயர் வராமலே போகலாம், இரண்டு முறையும் வரலாம் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. படித்தேன். படித்துவிட்டு மறந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

பெயர் எழுதுவதோடு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் போட வேண்டும். பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் நடுவர்கள் பயன்படுத்தும் 50 மதிப்பெண் தாள்தான் அது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3தான். முதல் ஆண்டில் நானோ முழுக்க முழுக்கக் கண்ணால்தான் குடித்தேன். செம்பு நிறத்தில் ஒன்று வந்ததும் 'இலவங்கப்பட்டை, கிறிஸ்துமஸ் மசாலா' என்று பக்கம் நிறைய எழுதினேன். அது சியரா நெவாடா செலிப்ரேஷன். 1981 முதல் வரும் அந்தப் பீரில் மசாலா கிடையாது. இருப்பது புதிதாகப் பறித்து உலர்த்திய ஹாப்ஸ் என்ற பூவும் அதன் கசப்பும்தான். சிவப்பைப் பார்த்த மாத்திரத்தில் என் மூக்கு பட்டையைத் தானாகத் தயாரித்துக்கொண்டது.

இதில் நான் தனியாள் இல்லை என்பது ஓர் ஆறுதல். பிரான்சின் போர்தோவில் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை அவர்கள் வருணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது.

இந்த ஆண்டு கறுப்புக் கோப்பைகள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். தோற்றத்துக்கான 3ஐ நீக்கிவிட்டதால் மதிப்பெண் 47க்கு. அறிவிப்பு வந்த அன்றே பயிற்சியைத் தொடங்கினேன்.

முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி சமையலறையில் எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பான், நான் மோந்து பார்த்துச் சொல்வேன். முதல் வாரம் பன்னிரண்டு முயற்சியில் நான்கு சரி. குருட்டாம்போக்கில் கை வைத்தாலும் மூன்றுக்கு ஒன்று சரியாக வரும், ஆகவே அந்த வாரம் நான் எதையும் சுவைக்கவில்லை என்றே கொள்ளலாம். நான்காம் வாரம் ஒன்பது வந்தது.

உண்மையில் பலன் தந்தது இன்னொரு பயிற்சி. கிராம்பு.

குளிர்காலப் பீர் என்றாலே கிராம்பு வாசனையைத் தேடுகிறோம். ஆனால் அது பீருக்குள் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வடிப்பவர் நிஜமாகவே கிராம்பைப் போடுவது. அதன் மணத்துக்குக் காரணம் யூஜெனால். இன்னொன்று, கோதுமைப் பீருக்குரிய ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே உண்டாக்கும் 4-வினைல் குவாயகோல் என்ற பொருள். கிராம்பே சேராமல் கிராம்பு மணம். இரண்டையும் பிரித்தறிய நான்கு கிராம்பைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு தேக்கரண்டியைச் சாதாரண லாகரில், அதாவது மசாலா மணமில்லாத இலேசான பீரில், விட்டேன். பக்கத்தில் ஒரு தம்ளர் கோதுமைப் பீர். மாற்றி மாற்றி மோந்தேன். மூக்கால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. குடித்த பிறகுதான் புரிந்தது. கிராம்பு நீர் கலந்ததில் நாக்கின் நுனியில் ஒரு மரமரப்பு தங்கியது. பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டால் வருமே, அதன் தங்கை மாதிரி. கோதுமைப் பீரில் மரமரப்பு இல்லை. கூடவே பழுத்த வாழைப்பழ வாசனை எழுந்தது. அதுவும் அந்த ஈஸ்ட்டின் வேலைதான்.

போட்டியன்று காலையிலிருந்து காபி இல்லை, வாசனைச் சோப்பு இல்லை. ஒன்றாம் கோப்பை டூபோர்க் யூலெபிரிக், டென்மார்க்கின் லாகர், ஆல்கஹால் 5.6 சதவீதம். வரிசையில் மெலிதாக இருந்ததால் பிடித்துவிட்டேன். இரண்டாவது சாமுவேல் ஸ்மித் விண்டர் வெல்கம், 6 சதவீதம். முளைகட்டி வறுத்த தானியமான மால்ட்டின் இதமான இனிப்பு. பிடித்துப்போய் 36 போட்டேன். மூன்றாவதை வாயில் வைத்ததுமே கசப்பு சொல்லிவிட்டது: என் பழைய எதிரி செலிப்ரேஷன்.

நான்காவதைக் கையில் எடுத்ததும் கிராம்பு. பக்கத்து மேசைக்காரர் "இதுதான் மசாலா போட்டது" என்று கூட இருந்தவரிடம் கிசுகிசுத்தார். உடனே எழுதவில்லை. பீர் குளிர்ந்திருந்தது, குளிர்ந்த பீர் தன் மணத்தில் பாதியைப் பூட்டிவைத்துக்கொள்ளும். கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் பொத்தி வைத்திருந்தேன். மெதுவாக வாழைப்பழம் மேலே வந்தது. ஒரு மிடறு குடித்து நாக்கு நுனியைப் பல்லில் தேய்த்துப் பார்த்தேன். மரமரப்பு இல்லை. பவேரியாவின் 1516 தூய்மை விதியை மரபாகக் கொண்ட வடிப்பகத்தில் மசாலாவுக்கு இடமேது? ஷ்னைடர் அவெண்டினுஸ் என்று எழுதினேன். 1907 முதல் வடிக்கப்படும் 8.2 சதவீதக் கோதுமை பாக், அதாவது கனமான கோதுமைப் பீர் அது. ஆண்டு முழுவதும் கிடைப்பதுதான், குளிருக்கு ஏற்றதென்று பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு விடையை ஊகிக்காமல் காரணத்தோடு எழுதியது அன்றுதான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்தும் ஆறும் பெல்ஜியத்தின் 10 சதவீதக் கனவான்கள்: செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல், டெலிரியம் நோயல். இடம் மாற்றி எழுதிவிட்டேன்.

ஏழாவதில்தான் அசல் வீழ்ச்சி. வரிசை போதை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகிறது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். ஆகவே இது 10க்குக் குறையாது. மிச்சமிருந்த பெயர்களில் நீஸ் ஷூஃப் இருந்தது; அதில் தைம் என்ற மூலிகை இலை சேர்ப்பார்கள். பெயரை எழுதினேன். எழுதியபின் தைம் மணக்கத் தொடங்கியது! சத்தியமாக மணந்தது. 'தைம் தெளிவு, கனம் குறைவு' என்று குறிப்பும் எழுதி 27 போட்டேன்.

அது விண்டர் வெல்கம். இரண்டாம் கோப்பையில் நான் 36 கொடுத்த அதே பீர்.

இரண்டு கனமான பீர்களுக்குப் பின்னால் வந்ததால் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. பொடி எழுத்து விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பரிசு பெற்றவர் என்ன செய்தார் என்று விசாரித்தேன். முதல் பத்து நிமிடம் அவர் எதையும் குடிக்கவில்லை. எட்டையும் முன்னும் பின்னுமாக மோந்துவிட்டு, "இரண்டும் ஏழும் ஒன்றுதானே" என்று தாளின் ஓரத்தில் முதலிலேயே எழுதியிருக்கிறார்.

எட்டாவதைத் தவறவிட வழியில்லை. 14 சதவீத சாமிக்ளாஸ், உலர்திராட்சையும் முறுகிய பாகுமாக. ஆண்டுக்கு ஒரே நாள், டிசம்பர் 6 அன்று மட்டும் வடித்து, மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். சூரிச்சில் பிறந்து, அந்த வடிப்பகம் மூடியபின் ஆஸ்திரியாவுக்குக் குடிபெயர்ந்தது.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: எட்டுக் கோப்பையையும் முழுக்க விழுங்கினால் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. 5 சதவீதப் பீர் 800 மில்லிலிட்டர் குடித்ததற்குச் சமம். மேசையில் துப்பும் கிண்ணம் சும்மா வைக்கப்படவில்லை. நான் ஐந்தாவதிலிருந்து அதைப் பயன்படுத்தினேன், நான்காவதிலேயே தொடங்கியிருக்கலாம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த ஆண்டுக்கான வேலை பெல்ஜியம்தான். நேற்று மாலை தம்பி மூன்று தம்ளர்களில் ஊற்றி வைத்தான். இரண்டில் செயின்ட் பெர்னார்டஸ், ஒன்றில் டெலிரியம். கால் மணி நேரம் மோந்துவிட்டு நடுத் தம்ளர்தான் வேறு என்றேன். அவன் பதில் சொல்லாமல் வலக்கோடியில் இருந்ததை எடுத்துக் குடித்தான்.