அப்பா கடையை நடக்கிறார்

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆறேழு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஏழாவது படிக்கிற ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதிக்கொண்டு வந்தாள். துறைமுகத்துப் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். இரண்டாவது வரி இப்படி: "மை ஃபாதர் இஸ் வாக்கிங் எ ஷாப்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு யோசித்தால், அவள் செய்தது சரியான கணக்குதான். கடையை நாம் நடத்துகிறோம். நட என்றால் வாக். வெள்ளைக்காரனுக்கு மட்டும் நடை போதவில்லை, கடையை ஓட்டுகிறான். "ரன்ஸ் எ ஷாப்" என்று திருத்திக் கொடுத்தேன். "கடை ஓடவே மாட்டேங்குதுன்னுதானே மிஸ் அப்பா தினம் புலம்புறாரு?" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல!

நான் படித்த காலத்தில் "ரன், ரேன், ரன்" என்று ராகம் போட்டு ஒப்பித்ததோடு சரி. ரன்னுக்கு ஓடு, முடிந்தது பாடம். புதுச்சேரியில் முதல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி போன் செய்து, "ஐயாம் ரன்னிங் லேட்" என்றார். மனுஷன் இந்த வெயிலில் ஓடி வருகிறாரே என்று பதறி, "நோ ப்ராப்ளம் சார், ப்ளீஸ் வாக்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தாமதமாகும் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

பிறகுதான் தெரிந்தது, நான் மாட்டியது சின்னப் பள்ளத்தில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக பீட்டர் கில்லிவர் என்பவர் இந்த ஒரே வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் பிரித்து வைத்த பொருள்கள் 645. 1989இல் வந்த 20 தொகுதிப் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக 'செட்'தான் முதலிடத்தில் இருந்தது.

645ஐயும் யார் மனப்பாடம் செய்வது? பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஓடுவது எது? பஸ், படம், ஃபேன் என்றால் தமிழிலும் ஓட்டம்தான், தொல்லையே இல்லை. மூக்கு என்றால் ஒழுகும். காய்ச்சல் என்றால் அடிக்கும். தேர்தல் என்றால் அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். பிரிட்டனில் நம்மைப் போலவே நிற்கிறார். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு பிரிட்டன்மேல் திடீர்ப் பாசம். பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொற்கள்தான் வம்பு. "வீ ரேன் அவுட் ஆஃப் ரைஸ்" என்று போர்டில் எழுதினேன். "யாரு மிஸ் அவுட்டு?" என்றான் கடைசி வரிசைப் பையன். அரிசி தீர்ந்துபோச்சுடா என்று புரியவைப்பதற்குள் அவன் ஒரு ஓவர் கமென்ட்ரி முடித்துவிட்டான்.

நேற்று, பிரச்சினையில்லாத உதாரணமாக இருக்கட்டும் என்று, "தி கெடிலம் ரன்ஸ் த்ரூ கடலூர்" என்று எழுதிப் போட்டேன்.

கருவாட்டுக் கடைக்காரர் மகள் கை தூக்கினாள். "பாலத்துல வரும்போது பார்த்தேன் மிஸ். மணல்தான் இருக்கு."

அதற்கும் ரன்தான் என்றேன். "ரன் ட்ரை." வற்றிப்போவது.

"தண்ணி இல்லன்னாலும் ஓடுமா?" என்று கேட்டுவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டாள்.