முதுகில் சுட்டவன் பாட்டு

மார்ச் 8

அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பற்றிய கதைப்பாடலை நாலு பேர் குரலில் கேட்டு முடித்தேன். 1882 ஏப்ரல் 3, மிசௌரியின் செயின்ட் ஜோசப் ஊர், ஹோவர்ட் என்று பொய்ப்பெயர் வைத்துக் குடியிருந்தவன் சுவரில் மாட்டிய படத்தைச் சரிசெய்ய நாற்காலி மேல் ஏறுகிறான், கூட்டாளி பாப் ஃபோர்ட் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். பாட்டில் ஜெஸ்ஸி ஏழைக்குக் கொடுத்த வள்ளல். அப்படிக் கொடுத்ததற்கு அத்தாட்சி ஒன்றும் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்குத் தரப்பின் கொரில்லாப் படையில் இருந்தவன் என்பதும், 1869இல் கலட்டின் ஊர் வங்கியில் காசாளரைக் கொன்ற பழி அவன் மேல் இருப்பதும் பாட்டுக்குள் வரவே இல்லை.

மார்ச் 9

கிட்டாரில் முயன்றேன். மூணே கார்ட் (சுரக்கூட்டு)தான், விரல் மட்டும் வீங்கிவிட்டது.

மார்ச் 12

திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. பாட்டுக்கு ஜெஸ்ஸி மேல் இருக்கும் பாசத்தைவிட ஃபோர்ட் மேல் இருக்கும் ஆத்திரம்தான் பெரிசு. ஜெஸ்ஸியின் ரொட்டியைத் தின்று, அவன் படுக்கையில் தூங்கி, அவனையே சுட்டான் என்கிறது. நம் ஆட்கள் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். 1940இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி இதே மெட்டில் ஏசுவைப் பாடினார், ஃபோர்ட் நின்ற இடத்தில் யூதாஸ், திட்டுகூட ஃபோர்டுக்குக் கிடைத்த அதே 'கோழை'தான். கொள்ளைக்காரனுக்குக் கட்டிய மெட்டு ஏசுவுக்கும் பொருந்துகிறதே, அப்புறம் ஜெஸ்ஸியின் கணக்கு வழக்கை யார் பார்ப்பார்கள்?

மார்ச் 15

ஃபோர்ட் அந்தக் கொலையை மேடையில் தானே நடித்துக் காட்டிப் பிழைத்தான், 1892இல் கொலராடோவில் அவனையும் ஒருவன் சுட்டான். இதெல்லாம் பழைய பாட்டுக்கு வேண்டாம். ஆனால் பாடகர் டவுன்ஸ் வான் சான்ட்டின் 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' பாட்டு (1972) அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. கொள்ளைக்காரன் பாஞ்சோவை லெஃப்டி காட்டிக்கொடுத்தான் என்று பாட்டு எங்கேயும் சொல்லாது. பாஞ்சோ செத்த அன்றே அவன் ஒஹாயோவுக்குக் கிளம்பினான், காசு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அவ்வளவுதான். டவுன்ஸ் அதை யாருக்கோ நடந்தது மாதிரி ஒட்டாமல் பாடுவார். 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாக்கர்டும் சேர்ந்து பாடியது வேறு மாதிரி: வில்லி கதையைச் சொல்லிக்கொண்டே வர, மலிவு ஓட்டலில் லெஃப்டி கிழவனாகும் இடத்தில் மெர்ல் நுழைகிறார். மெர்ல் இளமையில் சான் குவென்டின் சிறையில் கிடந்தவர். அந்தக் குரலில் லெஃப்டியைத் திட்டவே வரவில்லை எனக்கு.

நாளைக்கு இதே பாட்டை எமிலூ ஹாரிஸ் பாடியதைக் கேட்கணும்.