3 புள்ளியில் மாட்டின விண்ணப்பம்

கல்லடியில் ஒரு சின்ன அலுவலகத்தின் மெயில் சேர்வரை நான்தான் பராமரிக்கிறன். வாகரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அனுப்பின வேலை விண்ணப்பம் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்தது. முடிவுத் திகதி கடந்து இரண்டு நாள். "அண்ணா, நான் நேரத்துக்கு அனுப்பினனான்தானே" என்று அவ கேட்டது இன்னும் காதுக்குள் நிக்குது.

குப்பை மெயில் கூடிப்போச்சென்று, அதைப் பிடிக்கிற ஸ்பாம்அசாசின் மென்பொருளின் எல்லையை 5இலிருந்து 3ஆக இறக்கினது நான்தான். அது ஒவ்வொரு விதிக்கும் புள்ளி போட்டுக் கூட்டும். கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டால் ஸ்பாம். 5 தனி ஆளுக்கே கொஞ்சம் இறுக்கம்தான், பலருக்குச் சேவை கொடுக்கிறவர்கள் 8 அல்லது 10 வைக்கலாம் என்று அதன் கையேடே சொல்லுது. நான் எதிர்ப்பக்கம் போயிருக்கிறன்.

புள்ளிக் கணக்குப் பதிவாகிற, மெயிலின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தன். ஒரு பெரிய விதியிலும் அவ மாட்டவில்லை. போனில் எடுத்த படம், இரண்டே வரி எழுத்து, வெறும் எழுத்துப் பிரதி இல்லாமல் எச்டிஎம்எல் (இணையப்பக்க) வடிவம் மட்டும்: சின்னச் சின்னப் புள்ளிகள் சேர்ந்து 3ஐத் தாண்டியிருக்கு. எங்கட ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மெயில் அனுப்புறவை!

நல்ல மெயிலிலும் ஸ்பாமிலும் வாற சொற்களைப் படித்துப் பழகிற பேய்சியன் வடிகட்டியையும் நான் பழக்கவேயில்லை. நல்ல மெயில் 200, ஸ்பாம் 200 படிக்கும்வரை அது புள்ளியே போடாது. இப்ப தமிழ் மெயில்களைத் தேடித்தேடி ஊட்டுறன்.

எல்லை திரும்ப 5. 5க்கும் 8க்கும் இடையில் வந்தால் தலைப்பில் அடையாளம் மட்டும், மெயில் உள்பெட்டிக்கே போகும். 8க்கு மேல் தடுத்து வைத்து, காலையில் நானே பார்க்கிறன்.

அந்த விண்ணப்பத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது.