இரண்டையும் ஒரே நாளில்

“ஒண்ணை மட்டும் முதல்ல மாத்துவோம் சார். நாலு நாள் பார்த்துட்டு அடுத்ததை மாத்தலாம்” என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டான (அன்றாடச் செயல்களுக்கும் புலன்களுக்கும் பயிற்சி தருபவள்) நான் சொன்னேன். “நாலு நாளும் அவன் தூங்காம சுவத்துல தலையை மோதிக்கிட்டே கிடக்கட்டுமா?” என்று டாக்டர் கேட்டார். வார்டு வாசலில் ஒரு நிமிடத்தில் முடிந்துபோன பேச்சு. நானும் சரி என்றேன். அன்று இரவே பையனுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரை 1.5 மி.கி.யிலிருந்து 1 மி.கி.க்கு இறங்கியது. அதே இரவு அவன் அறையில் போனில் பதிவு செய்த தறிச் சத்தமும் ஓடியது. மூன்றாம் இரவு விடியும்வரை தூங்கினான். எது தூங்க வைத்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி சேலம் அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ எந்த வீதியிலும் பார்க்கக்கூடிய வீடுதான். முன்கட்டில் இரண்டு விசைத்தறி, சுவருக்கு இந்தப் பக்கம் சமையலும் படுக்கையும். பையனுக்கு ஆட்டிசம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடிப்பான். இரவு ஷிப்டில் தறி ஓடிக்கொண்டிருந்தால் அசந்து தூங்குவான். கேட்பவர்களுக்கு இது முரணாகப் படும். ஆனால் நாடாத்தறி (நாடா என்பது ஊடை நூலைக் கொண்டு இருபுறமும் ஓடும் கட்டை) நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை ஒரே சீராக அடிக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. விசில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்குச் சத்தத்தின் அளவைவிட அது திடீரென வருவதுதான் தாங்க முடியாதது. வார்டில் தறி கிடையாது. தட்டு விழும் ஓசை, பக்கத்து அறைக் கதவு, சோக் பழுதாகி மினுக்கும் டியூப்லைட், விடிகாலை ஃபினாயில் வாடை, இவைதான் இருந்தன.

அவன் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: “தறி ஓடாத அன்னைக்குத்தானுங்க மேடம் இவனுக்கு ரொம்ப ஆகும். மாசம் ஒருக்கா கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு. ஆடிப் பண்டிகைக்கு லீவு விட்டா அப்பவும்.” கேஸ் ஷீட்டில் இது ‘அவ்வப்போது அதிகரிக்கிறது’ என்று ஏறியிருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் சிறாருடன் நியமனப் பிரதிநிதியோ (பெற்றோர் போன்ற பொறுப்பாளர்) அவர் அமர்த்தும் துணையாளோ முழு நேரமும் இருக்க வேண்டும். குழந்தையின் பாதுகாப்புக்காக வந்த விதி அது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அந்த அம்மாவைவிட நன்றாகப் பார்த்தவர் யாருமில்லை. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்தால் பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

தறிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். ஒரு தேதி தடுத்தது. மருந்துச் சீட்டையும் இரவு நர்ஸின் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாத்திரை 1 மி.கி.யிலிருந்து 1.5 ஆன மூன்றாம் நாளிலிருந்து புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது. படுத்த இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். உட்கார்ந்தால் காலை மாற்றி மாற்றிப் போடுகிறான். நின்றால் நின்ற இடத்திலேயே இடது கால், வலது கால் என்று மாறுகிறான். அகதிசியா என்பது இதுதான். இந்த வகை மருந்துகள் சிலருக்குத் தரும் உள்ளுக்குள்ளான பதற்றம். நோய் முற்றுகிறது என்று இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு அளவை இன்னும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். அசைவைத் தேடும் புலன் தேவை என்று எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் ஏற்றினால், மருந்து தரும் வேதனை கவனிக்கப்படாமல் நீளும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அசைவைத் தேடும் குழந்தைக்கு அது கிடைத்தால் நிறைவு வரும். அரை வாளித் தண்ணீரைத் தூக்கி நடப்பது, இரு கையாலும் சுவரைத் தள்ளுவது, பவானி ஜமக்காளத்தில் முகமும் கழுத்தும் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டித் தோளையும் தொடையையும் அழுத்துவது, புடவைத் தூளியில் முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது என்று இருபது நிமிடம் போனால், பிறகு அரை மணி நேரமாவது அடங்கியிருப்பான். (தூளியைச் சுழற்றக் கூடாது; வலிப்பு வந்த குழந்தையென்றால் தூளிப் பேச்சே வேண்டாம். கொக்கி ஒரு பெரியவரின் எடையைத் தாங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுருட்டியதிலிருந்து குழந்தை தானே வெளியே வர முடிய வேண்டும்.) அகதிசியாவில் எவ்வளவு நடந்தாலும் தீராது. பெரியவர்கள் “உள்ள என்னமோ பிடுங்குது” என்பார்கள். பேச்சு வராத பையன் எப்படிச் சொல்வான்? அகதிசியாவை அளக்கும் பார்ன்ஸ் அளவுகோலில் உட்கார வைத்து இரண்டு நிமிடம், நிற்க வைத்து இரண்டு நிமிடமாவது பார்க்கச் சொல்வார்கள். இவனைப் போன்றவர்களைச் சொன்னபடி உட்கார வைக்க முடியாது. பிடித்த வீடியோவைப் பார்க்கும்போது இடுப்புக்குக் கீழே மட்டும் போனில் படமெடுத்துக்கொள்வது நல்லது.

இவன் வாளி தூக்கிய பிறகு பத்து நிமிடம்போல் அடங்கினான். அரை மணி என்றால் நான் உறுதியாகப் பேசியிருப்பேன். அடங்கவே இல்லை என்றால் டாக்டரிடம் நானே ஓடியிருப்பேன்.

தறிச் சத்தத்தை வைக்கவும் அவசரப்படவில்லை. முதலில் காது பரிசோதனை. தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அங்கே வளரும் குழந்தைக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தால், மெல்லிய ஓசை கேட்காது, கொஞ்சம் கூடினால் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது புலன் சிக்கலாகவே (ஓசை, தொடுகை போன்றவற்றை உடம்பு எடுத்துக்கொள்வதில் வரும் சிக்கல்) தெரியும். தலையை மோதும் குழந்தைக்குச் சொத்தைப் பல், காதுச் சீழ், மலச்சிக்கல் இவற்றையும் பார்க்காமல் வேறு பேச்சு கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. அப்பா போனில் பதிவு செய்து வந்தார். தறிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த முதல் பதிவு உதவவில்லை. நாடா பட்டையில் மோதும் கூர்மையான ஒலிதான் அதில் இருந்தது. பையன் கேட்டு வளர்ந்தது சுவர் தாண்டி வரும் கனத்த அடி. அவன் படுக்கும் இடத்தில் போனை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னோம். ஸ்பீக்கர் தலையணையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தாழ்ந்த குரல் பேச்சைவிடக் குறைவான ஒலியில். இயர்போன் வேண்டாம். போன் ஏரோப்ளேன் மோடில்; நடுவே ரிங்டோன் அடித்தால் குக்கர் விசிலுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. தூங்கியபின் பட்டென்று நிறுத்தாமல் கால் மணி நேரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் தயாராக இருந்த நாளில்தான் அந்தப் பேச்சு. மாத்திரையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற டாக்டரின் பக்கத்தில் நியாயம் இருந்தது. அகதிசியா என்ற சந்தேகம் வந்தபின் ஓர் இரவுகூடத் தாமதிக்கக் கூடாது. அப்படியென்றால் சத்தத்தைத்தான் நான் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். கையில் தயாராக இருந்ததை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளிப்போடுவதா? மனம் ஒப்பவில்லை. இப்போதும் ஒப்பாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தது நானோ டாக்டரோ இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா கேட்டார்: “தறிச் சத்தந்தானுங்களே தூங்க வெச்சுது? அப்புறம் மாத்திரை எதுக்குங்க மேடம்?”

“டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க” என்றேன். திடீரென்று நிறுத்தினால் கடி திரும்பலாம், கைகால் தானாக அசைவதும் வரலாம். அதனால் பதில் சரிதான். அவர் கேட்டதோ வேறு. கையைக் கடிப்பதை நிறுத்தியது அந்த 1 மி.கி., கூடுதல் அரை மி.கி. கெடுத்திருக்கலாம், சத்தம் உதவியிருக்கலாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் என்ன செய்வார் என்று பயந்தேன். மாத்திரை என்றாலே முகம் சுளிக்கும் உறவினர்கள் இருக்கும் வீடு அது.

புலன் சிக்கல் என்ற சொல்லுக்கு அந்த ஈர்ப்பு இருக்கிறது. ஜீன் ஏயர்ஸ் 1972-ல் தன் புத்தகத்தில் புலன் ஒருங்கிணைப்பை விரிவாக எழுதியதிலிருந்து ஆக்குபேஷனல் தெரபி அதை உயர்த்திப் பிடிக்கிறது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, புலன் தூண்டலுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தனி நோயாக ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-லேயே இதைத் தனி நோய்ப்பெயராக எழுத வேண்டாம் என்றது. பெற்றோருக்கோ மனநோய் என்பதைவிட இது இதமாக இருக்கிறது. அந்த இதத்தை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் ‘புலன் சிக்கல்’ என்று ஒரு தடவை ஏறிவிட்டால், அதன்பின் பல்வலியும் புலன் சிக்கலாகிவிடும். எந்த ஓசைக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தான் என்று மட்டும் எழுதுவதே என் வழக்கம்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மா சொன்னது குழப்பத்தைக் கூட்டியது. கரண்ட் நிறுத்திய ஓர் இரவு தறியும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை, அப்படியும் தூங்கினானாம். அப்படியானால் மாத்திரையைக் குறைத்ததுதான் வேலை செய்ததா? அன்று பகலெல்லாம் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கினான் என்றும் அவரே சொன்னார். ஓர் இரவை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. சத்தத்தை நிறுத்திப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

அடுத்து 1 மி.கி.யிலிருந்து முக்காலுக்கு இறக்கிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சத்தம், படுக்கை, வாளி எதையும் தொடாமல் மாத்திரை மட்டும் என்று இந்த முறை இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். நாலு வாரமாவது வேறெதுவும் மாறாமல் இருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிறது. புது வகுப்பு, புது டீச்சர், வாசலில் மணி. அதற்குள் தொடங்கி முடிக்க முடியாவிட்டால் ஆகஸ்டுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஆகஸ்டில் ஆடிப் பண்டிகை வரும், தறிக்கு லீவு விடுவார்கள் என்பதும் தெரியும்.