புள்ளமங்கை துர்க்கை

பசுபதிகோயில் ஸ்டேஷனில் பாசஞ்சர் நின்றது ஒரு நிமிடம்தான். அம்மாவின் பையை வாங்கி, அம்மாவையும் இறக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தஞ்சாவூருக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவே, வாழையும் வயலுமாக ஒரு சின்ன ஊர். இதை ஒட்டித்தான் புள்ளமங்கை. சம்பந்தர் பதிகத்தில் ஊர் புளமங்கை, கோயில் ஆலந்துறை.

கோயில் பூட்டியிருந்தது. எதிரே மாடு கட்டிக்கொண்டிருந்தவர், "சாமி இப்பத்தான் வீட்டுக்குப் போனாரு, உக்காருங்க" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அம்மா முணுமுணுக்கக்கூட இல்லை. நான்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் வந்தது சிற்பத்துக்காக. சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், 10-ஆம் நூற்றாண்டு. கருவறையைச் சுற்றி அகழி மாதிரி பள்ளம். அதற்கு மேலே, அடித்தளத்தில், உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் உருவங்கள் எழுந்து வருகின்றன. நேராக அடித்தால் வெறும் கல். குரங்குகளின் வாலைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான், மகராசன்!

அம்மா வந்தது துர்க்கைக்காக. வடக்குச் சுவரில், எருமைத் தலைமேல் நிற்கிறாள். பட்டீஸ்வரம், திருநாகேஸ்வரம், இந்த ஊர் மூன்றிலும் இருக்கும் துர்க்கையை ஒரே சிற்பி செய்ததாக இந்தப் பக்கம் சொல்வார்கள். பக்கச் சுவர்களில் சிங்கம், மான், தங்களையே பலி கொடுக்கும் வீரர்கள். ஆனால் அம்பாளுக்குச் சிவப்புச் சேலை சுற்றியிருந்ததால் முகமும் சில கைகளும்தான் தெரிந்தன. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். "சேலை இல்லாம பார்க்க முடியாதா சாமி?" என்று கேட்டே விட்டேன்.

குருக்கள் பதில் சொல்வதற்குள் அம்மா திரும்பி, "அவ பொம்பளடா" என்றாள்.

அப்புறம் நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். நெய் விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தி மட்டும் மினுக்கியது.

சக்கரப்பள்ளியில் தொடங்கும் சப்தமங்கைத் தலங்கள் என்ற ஏழு சிவன் கோயில்களில் இது கடைசி. ஏழும் சுற்றுப்புறத்திலேயே இருந்தாலும் ஆட்டோ பிடித்து மூன்றுதான் முடிந்தது. ராமானுஜரின் ஆசாரியர் பெரிய நம்பி பரமபதித்ததும் பசுபதிகோயிலில்தான். அங்கே ஒரு கும்பிடு. பாபநாசம் 108 சிவாலயத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம்.

திரும்பும் ரயிலில் அம்மா குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் குரங்கு வாலை எனக்குக் காட்டவே இல்லையேடா?"