பப்பாளித் தண்டில் நத்தை

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பப்பாளித் தோட்டம். ராத்திரி மழை. காலையில் தண்டெல்லாம் உள்ளங்கை நீள நத்தைகள்.

பட்டையைச் சுரண்டித் தின்ற இடம் வெள்ளையாகத் தெரிகிறது.

கிழக்கு ஆப்பிரிக்க ராட்சத நத்தை இது. 1847-ல் கல்கத்தாவில் விட்டது, நாடெங்கும் பரவிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உண்டு. ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேல் முட்டை, மண்ணுக்குள். பெரியதை மட்டும் பொறுக்கினால் போதாது, குப்பை மேட்டையும் கிளறிப் பாருங்கள்.

வறட்சியில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். செத்ததென்று வரப்பில் எறிந்துவிடாதீர்கள், அடுத்த மழைக்கு எழுந்து வரும்.

சாயங்காலம் ஈரச்சாக்கை விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளித் தழையும் வையுங்கள். வெயில் ஏறுமுன் தூக்கினால் கூட்டமாக ஒட்டியிருக்கும்.

வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, செத்தபின் ஆழமாகப் புதையுங்கள். கல்லுப்பை வயலில் தூவவே கூடாது, மண் பாழாகும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிடமிருந்து இதற்குத் தொற்றும் நுரையீரல் புழு, மனிதருக்கு மூளை உறை அழற்சியைத் தரும். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், தயவுசெய்து.

நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணை வைத்தால் நாயைக் கட்டிப்போடுங்கள், தின்றால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் வேலி தாண்டி மறுபடி வரும்.